பதினான்காம் கேள்வி

ஹாம்பர்க் ரயில் நிலையத்தின் பின்தெருவில்
துணி துவைக்கும் இயந்திரம் இரண்டும்
குளியலறை ஒன்றும் உள்ள அந்த மையத்தில்
வியாழன்தோறும் நான் நாக்கு.

வீப்கே ஜெர்மனில் கேட்பாள்.
நான் பல்கேரிய மொழியில் கேட்பேன்.
அவர்கள் சொல்வதைத் திருப்பிப் போட்டு
அவள் மேசையில் வைப்பேன்.
எனக்கு மணிக்குப் பதினெட்டு யூரோ.
பேசுபவனுக்கு இருபது, மளிகைக் கூப்பனாக.
பணமாகக் கொடுத்தால்
ஆளை விலைக்கு வாங்கியதாகிவிடுமாம்.
நெறிமுறைக் குழு எழுதியிருந்ததை
சிரிக்காமல் மொழிபெயர்த்தேன்.

ஒர்லின் வந்தது மார்ச்சில், மழைநாளில்.
வயது இருபத்தொன்பது. தலையில் துண்டு.
அவன் துணிகள் அடுத்த அறையில் சுழன்றன.
ஒரு பொத்தான் கண்ணாடியில் மோதுவது
ஒலிப்பதிவில் கடைசிவரை கேட்கும்.

தந்தையின் தொழில்?
"கூட்டுப்பண்ணை இருந்தவரை டிராக்டர்.
பிறகு நாற்காலி."
நாற்காலி செய்வாரா, என்றாள் வீப்கே.
உட்கார்ந்திருப்பார், என்றேன்.
அதை அவன் சொல்லவில்லை.
என் அப்பாவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

உடன்பிறந்தோர்?
"நான்கு பேர். இப்போது மூன்று."

படிப்பு?
"எட்டாவது. மல்யுத்தத்தில் மாவட்டத்தில் இரண்டாமிடம்.
முதலில் வந்தவன் ஸ்பெயினில் லாரி ஓட்டுகிறான்."
அன்றைக்குத் தோற்றது
இன்றைக்குத்தான் வலிப்பதுபோல் சொன்னான்.

பதினான்காம் கேள்வி வந்தால்
வீப்கே எப்போதும் குரலைத் தாழ்த்துவாள்.
அதன் கீழேதான் கட்டங்கள் அதிகம்.
சிறுவயதில் வீட்டில் யாராவது
உங்களைத் துன்புறுத்தியதுண்டா?
அதற்கு எங்கள் மொழியில் மூன்று சொல் உண்டு.
மெத்தென்றதை எடுத்துக் கொடுத்தேன்.

ஒர்லின் சிரித்தான்.
"இந்த இடம் வந்ததும் எல்லோரும் கனிந்துவிடுகிறீர்கள்.
யாரும் அடிக்கவில்லை. எழுதிக்கொள்ளச் சொல்.
எனக்கு ரொட்டியின் ஓரம் பிடிக்கும்,
அம்மா வெட்டி எனக்கென்று வைப்பாள்.
அதையும் எழுதிக்கொள்ளச் சொல்.
ஒரு காற்றில் கூரை போனது. வட்டிக்கு வாங்கினோம்.
வட்டிக்காரன் மகன்தான் பஸ் டிக்கெட் போட்டுத் தந்தான்.
இங்கே கட்டட வேலை, இரண்டு மாதம்.
மேஸ்திரி சம்பளம் தராமல் போன் நம்பரை மாற்றிவிட்டான்.
அன்றிரவு ஸ்டேஷனில் ஒருவர் கேட்டார்,
சாப்பிட்டாயா என்று.
அவ்வளவுதான்.
பின்னணி பின்னணி என்கிறீர்கள்,
எனக்கு எல்லாம் முன்னால்தான் நிற்கிறது."

வீப்கேயின் பேனா
இறங்க இடம் தேடும் ஈபோலச் சுற்றி
'இல்லை'யில் உட்கார்ந்தது.

"வருகிறவர்களையும் கேட்பீர்களா?
அப்பாவுக்கு என்ன வேலை,
வீட்டில் யார் அடித்தார்கள் என்று?"

சொன்னேன்.
அவள் நெடுநேரம் ஜன்னலைப் பார்த்தாள்.
பொய் சொல்லத் தெரியாதவள்.
"அதற்கு நிதி இல்லை" என்றாள்.

அதையும் சொன்னேன்.
"நிதி இல்லை என்றால் புரிகிறது" என்று
முதன்முறையாக அவளைப் பார்த்துத் தலையசைத்தான்.

இயந்திரம் நின்றது.
சூடான துணிகளை மார்போடு அணைத்தபடி
வாசலில் என்னிடம் மட்டும் கேட்டான்:
"ரூசே பக்கமா நீ? பேச்சில் ஆறு ஓடுகிறது.
எங்கள் ஊர்க்காரர் யாராவது கேட்டால்
ஹோட்டலில் வேலை என்று சொல்.
பொய்யில்லை. பாதி நாள் அங்கேதானே."

என்ன சொன்னான், என்றாள் வீப்கே.
நன்றி சொன்னான், என்றேன்.

ஏழு வருடம் நானும் வீட்டுக்கு எழுதினேன்,
ஆஸ்பத்திரியில் வேலை என்று.
இரவு இரண்டு மணிக்குத் தரை துடைப்பவள்
எந்த வார்டில் இருக்கிறாள் என்று
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அறிக்கை இலையுதிர்காலத்தில் வந்தது.
பங்கேற்பாளர் பதினேழு:
குடும்ப வன்முறை இல்லை. காரணம், பொருளாதாரம்.
தவறென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

ஆனால் ஒலிப்பதிவை எழுத்தாக்கியவள் நான்.
பதினான்காம் கேள்விக்கும் சிரிப்புக்கும் நடுவே
ஒன்பது விநாடி மௌனம் என்று குறித்திருக்கிறேன்.
மௌனமில்லை அது.
பொத்தான் ஏழு முறை தட்டியது.